தேளின் கொடுக்கு தலைக்கு மேல் ஏறிய கதை

அந்தக் காலத்தில் பூச்சி பொட்டுகளெல்லாம் பேசிக்கொண்டிருந்தன. தங்களைப் பற்றிப் பேசியதைவிட அடுத்தவரைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். அப்போது தேளின் வால் இப்போது இருப்பதுபோல வளைந்து நிற்கவில்லை. புடவை முந்தானை மாதிரித் தரையில் புரண்டு பின்னாலேயே வரும். அதன் நுனியில் கொடுக்கு இருப்பதைக் குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

கோடை முடிந்து முதல் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில், ஆனைப்பாறையின் மேல் பெரிய கூட்டம் கூடும். வண்டு, குளவி, பூரான், பாச்சை, எறும்பு, நத்தை என்று மண்ணில் ஊர்கிறதும் காற்றில் பறக்கிறதும் எல்லாம் குடும்பத்தோடு வரும். மற்ற நாட்களில் கண்டால் கடித்துக் குதறுகிறவர்கள்கூட அன்றைக்கு ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு நிற்பார்கள். அத்தனை நெருக்கடியில் யாருக்கும் எதுவும் ஆகாமல் இருந்ததற்கு ஒரு கட்டுப்பாடுதான் காரணம்.

பாறைக்கு ஏற ஒரே வழிதான் உண்டு, ஒரு குறுகலான வெடிப்பு. பறக்கிறவர்களும் அந்த வழியாக நடந்துதான் வரவேண்டும். அங்கே கட்டெறும்புகள் காவல் நிற்பார்கள். கொடுக்கு உள்ளவர், முள் உள்ளவர், விஷப்பல் உள்ளவர் யாராக இருந்தாலும், அதை நீட்டிக் காட்ட வேண்டும். எறும்புகள் அதன் நுனியில் ஈரக் களிமண்ணை உருட்டிக் குத்திவிடுவார்கள். கூட்டம் முடிந்து இறங்கும்போது எடுத்துவிடலாம். குளவிகள் மட்டும் அந்த மண்ணைப் போட மனமில்லாமல் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகும். அதை வைத்து என்ன செய்தன என்பதை உங்கள் ஜன்னல் மூலையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

கூட்டத்தின் உயிர் கும்மிதான். வட்டத்தில் முதல் அடி எடுத்து வைப்பவளுக்கு முன்னடிக்காரி என்று பெயர். அவள் எப்படி வைக்கிறாளோ அப்படித்தான் மற்றவர்கள் வைக்க வேண்டும். ஏழு வருஷமாக அந்த முன்னடி அங்காயி என்ற தேளுக்கே சொந்தம். இரண்டு இடுக்கிக் கைகளையும் தூக்கி அவள் 'டக்' என்று ஒரு தட்டுத் தட்டினால் பாறையே நிமிர்ந்து உட்காரும். சாதாரண நாளில் அவளைக் கண்டால் ஒதுங்குகிறவர்கள் அன்றைக்கு அவளைச் சுற்றி நிற்பார்கள். அந்த ஒரு நாளுக்காகத்தான் அங்காயி மீதி நாட்களை உயிரோடு கழித்தாள்.

அவள் குடியிருந்த கல்லுக்குக் கீழேயே இன்னொரு பொந்தில் செம்பி என்ற மரவட்டை இருந்தாள். தாயில்லாத பெண். அங்காயிதான் அவளுக்குத் தாளம் சொல்லிக்கொடுத்தாள், கும்மிக்கும் கூட்டிக்கொண்டு போனாள். முதல் வருஷம் கடைசி வரிசையில் நின்று ஆடினாள் செம்பி. அடுத்த வருஷம் நடு வரிசை. அதற்கடுத்த வருஷம், அங்காயிக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்துவிட்டார்கள்.

செம்பிக்குக் கால்கள் நூற்றுக்கு மேல். ஒரு கால் கீழே வந்தால் அடுத்தது மேலே போகும். தலையில் தொடங்குகிற தாளம் வால்வரைக்கும் ஓடி முடியும். நெல் வயலில் காற்று அடிப்பதுபோல இருக்கும் அது. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

பாச்சைகள் பேசிக்கொண்டது அங்காயியின் காதில் விழுந்தது. "அங்காயி ஆடினா நல்லாத்தான் இருக்கு. ஆனா செம்பி ஆடினா சோறு தண்ணி மறந்துபோகுது!"

அன்று வீட்டுக்கு வந்த அங்காயி தன் கால்களை எண்ணினாள். எட்டு. திரும்ப எண்ணினாள். எட்டுதான். "நூறு கால் இருந்தா எவதான் ஆடமாட்டா?" என்று கல்லைப் பார்த்துச் சொன்னாள். அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அஜீரணம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் பட்டினி கிடந்தாள்.

அதிலிருந்து செம்பி எது செய்தாலும் அவளுக்குக் குற்றமாகத் தெரிந்தது. சிரித்தால் இளக்காரம், சிரிக்காவிட்டால் தலைக்கனம். ஒரு நாள் செம்பி வந்து, "அக்கா, என்ன இருந்தாலும் முன்னடி உங்களுக்குத்தான். நான் உங்க பின்னாடியே வந்துட்டுப் போறேன்" என்றாள். அவள் மனதார அன்பாகத்தான் சொன்னாள். அங்காயிக்கோ அது பிச்சை போட்டதுபோல இருந்தது.

மறு வருஷமும் முதல் மழை பெய்தது. காலையில் எல்லாரும் வெடிப்பின் முன்னால் வரிசையில் நின்றார்கள். செம்பி தன் நூறு கால்களுக்கும் மகரந்தம் பூசிக்கொண்டு வந்திருந்தாள். வெயிலில் அவை மஞ்சளாய் மின்னின. "கண்ணு பட்டுரும்டி!" என்று ஆளாளுக்கு அவளைக் கொஞ்சினார்கள். அங்காயி தன் வாலைத் திரும்பிப் பார்த்தாள். இன்னும் சற்று நேரத்தில் அதன் நுனியில் ஒரு மண் உருண்டையைக் குத்துவார்கள். ஏழு வருஷமாக அதோடுதான் ஆடினாள், ஒரு நாளும் அவளுக்கு அது உறுத்தியதில்லை. இன்றைக்கு, அந்த மஞ்சள் கால்களுக்குப் பக்கத்தில் சேற்று உருண்டையை இழுத்துக்கொண்டு ஆடுவதா என்று நினைத்தபோது அவமானம் தாங்கவில்லை. மெல்ல வாலைச் சுருட்டி வயிற்றுக்கு அடியில் செருகிக்கொண்டாள். யாரையும் குத்த வேண்டும் என்ற எண்ணம் அப்போது அவளுக்குச் சத்தியமாக இல்லை.

காவலில் கடுக்கன் என்ற கட்டெறும்பு நின்றான். முன்னால் நின்ற பூரானை மூன்று தடவை தடவிப் பார்த்தவன், அங்காயியைக் கண்டதும் இரண்டு மீசையையும் தாழ்த்திக் கும்பிட்டான்.

"யாரு, முன்னடி அக்காவா? நீங்க எதுக்கு வரிசையில நிக்கிறீங்க? உங்களப் போயி நான் தடவிப் பார்க்கவா? போங்கக்கா, எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க!"

பின்னால் நின்ற குளவி ஒருத்தி, "எங்களுக்கு ஒரு சட்டம், அவங்களுக்கு ஒரு சட்டமா?" என்று கேட்டாள். "வாய மூடு. கொடுக்கை நீட்டு" என்றான் கடுக்கன்.

பாறையின் நடுவில் சில்வண்டுகள் வாசிக்கத் தொடங்கின. அங்காயி கைகளைத் தூக்கி 'டக்' என்று தட்டினாள். கும்மி சுழன்றது. ஒரு சுற்று நன்றாகத்தான் போயிற்று. இரண்டாவது சுற்றில் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "செம்பி முன்னாடி வா!" உடனே பத்துக் குரல், அப்புறம் நூறு. "செம்பி! செம்பி!" என்று பாறை அதிர்ந்தது.

செம்பி தயங்கி நின்றாள். அங்காயியின் முகத்தைப் பார்த்து, "அக்கா, நான் போகல" என்றாள்.

"அட போடி. கூப்பிடுறாங்கல்ல" என்று அங்காயி சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சிரிக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

செம்பி அவளைத் தாண்டி முன்னால் வந்தாள். ஒவ்வொரு காலாக, நூறு மஞ்சள் கால்களும் அங்காயியின் கண்ணெதிரே கடந்து போயின. போய்க்கொண்டே இருந்தன. இன்னும் எத்தனை கால்தான் பாக்கி என்று அவளுக்கு வெறுப்பு மண்டியது. ஏழு வருஷம் தான் நின்ற இடத்தில் செம்பியின் முதல் கால் விழுந்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது. வயிற்றுக்கு அடியில் கொடுக்கு தயாராக இருந்தது. அது அங்கே இல்லாமல் இருந்திருந்தால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடி முடித்துவிட்டு, வீட்டுக்குப் போய் அழுதிருப்பாள். இருந்தது. ஒரு கண் இமைக்கும் நேரம். வால் வெளியே வந்தது, குத்தியது, மறுபடியும் உள்ளே போய்விட்டது.

செம்பியின் கால்களில் தாளம் தப்பியது. தலையிலிருந்து சுருள ஆரம்பித்தாள். யார் செய்தது என்று அவளுக்குத் தெரியாது. "அக்கா... என்னைப் பிடிங்கக்கா" என்று அங்காயியைத்தான் கூப்பிட்டாள். கூப்பிட்டுக்கொண்டே ஒரு பொத்தானைப்போலச் சுருண்டு, பாறையில் உருண்டு நின்றாள்.

சில்வண்டுகள் நிறுத்திவிட்டன. "குளவிதான்! குளவிதான் குத்திருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். தள்ளுமுள்ளு ஆயிற்று. குஞ்சு குளுவான்கள் காலடியில் மிதிபட்டார்கள். குளவிகள் நடுங்கிப்போய்த் தங்கள் கொடுக்கை நீட்டின. ஒவ்வொன்றின் நுனியிலும் மண் உருண்டை கலையாமல் இருந்தது. பூரானின் பல்லிலும் அப்படியே இருந்தது.

கூட்டத்துக்குத் தலைவராக இருந்தவர் நத்தை. நேரத்துக்கு வந்து சேர மூன்று நாள் முன்னாலேயே கிளம்புகிறவர், எதற்கும் அவசரப்படமாட்டார். "எல்லாரையும் பார்த்தாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

கடுக்கன் முன்னால் வந்தான். "ஒருத்தரைப் பார்க்கலைங்க. தெரிஞ்ச முகம்னு விட்டுட்டேன். தப்பு என் மேலதான்" என்றான். பிறகு அங்காயியிடம் போய், "அக்கா, வாலைக் காட்டுங்க" என்றான்.

அங்காயி வாலை வெளியே எடுத்தாள். நுனி சுத்தமாக, கூராக இருந்தது. கூட்டம் ஒரே நேரத்தில் பின்வாங்கியது.

"நான் குத்தணும்னு வரலைங்க" என்றாள் அவள். "மண்ணு அசிங்கமா இருக்கும்னுதான் மறைச்சேன்."

"நம்புறேன்" என்றார் நத்தை. "நீ எதுக்கு மறைச்சேங்கிறது உன் மனசுக்குத் தெரியும். நீ மறைச்சு வச்சிருந்தது செம்பி உடம்புல ஏறிடுச்சே."

"வெட்டி எறிங்க அந்தக் கொடுக்கை!" என்று குளவி கத்தினாள். வாசலில் தடவப்பட்ட கோபம் அவளுக்கு இன்னும் இருந்தது.

அங்காயி நத்தையின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். "இது என் கூடப் பிறந்ததுங்க. முதுகுல புள்ளைங்களைச் சுமந்துக்கிட்டு நடக்கிறவ நான். பல்லி வந்தா எதை வச்சுத் தடுப்பேன்?"

நத்தை வெகு நேரம் யோசித்தார். கூட்டமும் பொறுமையாகக் காத்திருந்தது. "கொடுக்கு இருக்கட்டும்" என்றார் கடைசியில். "வச்சிருக்கிறது குத்தமில்ல. இத்தனை பேர் கூடுற இடத்துக்கு மறைச்சு எடுத்துட்டு வந்ததுதான் குத்தம். இனிமே நீ எங்க நடந்தாலும் அதைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டுத்தான் நடக்கணும். தூரத்துலயே எல்லாருக்கும் தெரியணும். உன் பரம்பரைக்கே இதான் சட்டம்." பிறகு கடுக்கனைப் பார்த்தார். "உன் பரம்பரைக்கு ஒரு சட்டம் சொல்றேன். தெரிஞ்சவங்க, பெரியவங்கன்னு யாரையும் இனிமே விடக்கூடாது. கூடப் பிறந்தவனே எதிர்ல வந்தாலும் தொட்டுப் பார்த்துட்டுத்தான் விடணும்."

செம்பி சாகவில்லை. விஷம் இறங்கிப் பிழைத்துக்கொண்டாள். ஆனால் பிறகு ஒரு நாளும் அவள் ஆடவில்லை.

அடுத்த வருஷம் முதல் மழை பெய்தது. அங்காயி வாலைத் தலைக்கு மேல் வளைத்துத் தூக்கிக்கொண்டு பாறைக்குப் போனாள். அவளைக் கண்டதும் கூட்டம் இரண்டாகப் பிளந்து விலகியது. நடுவில் முன்னடி இடம் காலியாகக் கிடந்தது. அவள் போய் அங்கே நின்றாள். எல்லாக் கண்களும் அவள் மேல்தான் இருந்தன, அவள் ஆசைப்பட்டபடியே. சரியாகச் சொன்னால் அவள் வால் நுனியின் மேல் இருந்தன. அவள் கைகளைத் தூக்கி 'டக்' என்று தட்டினாள். ஒருவரும் அடி எடுத்து வைக்கவில்லை. இன்னொரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு அவள் இறங்கி வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து செம்பியின் பொந்து வாசலில் நின்றாள். "செம்பி, நான்தாண்டி" என்று கூப்பிட்டு ஒரு கையால் மெல்லத் தொட்டாள். செம்பி தலையை உள்ளே இழுத்து, நூறு கால்களையும் மூடிக்கொண்டு சுருண்டாள். அங்காயி வெகு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். சுருள் அவிழவே இல்லை.

அன்று முதல்தான் எறும்பு எதிரில் எந்த எறும்பு வந்தாலும் நின்று தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறது, தேள் தன் கொடுக்கை ஊருக்கே தெரியும்படி தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தனியாக நடக்கிறது, மரவட்டையோ யார் அன்பாகத் தொட்டாலும் சுருண்டுகொள்கிறது.