அத்திப்பூவுக்குள் ஒளிந்த குட்டி

அந்தக் காலத்தில், ஆடும் மரமும் மனிதரோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்தபோது, அத்திமரம் மற்ற மரங்களைப் போல வெளியில்தான் பூத்தது. கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாக, நல்ல சிவப்பில் பூக்கும். தன் அழகு அதற்குத் தெரியும். காற்று கொஞ்சம் வேகமாக வந்தாலே, பார்த்து வா, பூ கசங்கிவிடும் என்று அதட்டும். வண்டு வந்தால் காலைத் துடைத்துக்கொண்டு உட்காரச் சொல்லும். அண்டை அயல் மரங்கள் அதோடு அதிகம் வைத்துக்கொள்வதில்லை.

அந்த மரத்துக்கு மேலே, மலைச்சரிவில் ஆட்டுக்காரர்களின் பட்டி ஒன்று இருந்தது. அங்கே பால்கட்டி செய்கிறவள் நாச்சாயி. பங்குனி வரைக்கும் ஆடுகளுக்குப் பால் பெருகும். சித்திரை பிறந்தால் புல் கருகி மடி வற்றிவிடும். அதன்பிறகு மழை வரும்வரை பட்டியில் இருப்பவர்கள் உயிர் பிழைப்பது நாச்சாயி செய்து வைத்த பால்கட்டியால்தான். பாலை இறுக வைத்து, துணியில் கட்டி, கல் ஏற்றி நீரை வடித்து, உப்புத் தடவிப் புகையில் காயப்போடுவாள். அது எத்தனை வெயிலுக்கும் கெடாது.

பால் இறுகுவதற்கு உறை வேண்டும். தயிருக்கு ஊற்றுகிற உறை இதற்கு ஆகாது. பால்குடி மாறாத குட்டியை அறுத்து, அதன் இரைப்பையை உலர்த்தி வைத்துக்கொண்டு, அதில் ஒரு துணுக்கை வெதுவெதுப்பான பாலில் போடுவார்கள். குட்டி தழை தின்னத் தொடங்கிவிட்டால் அந்த இரைப்பை உதவாது. வருடத்துக்கு ஒரு குட்டி போதும் என்பதால், எந்த ஆட்டின் குட்டி என்று முறை வைத்திருந்தார்கள். ஆடுகளும் இதற்குச் சம்மதித்துவிட்டதாக மனிதர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். ஆடுகளை யாரும் கேட்கவில்லை.

அந்த வருடம் முறை சுட்டிக்கு வந்தது. நெற்றியில் மட்டும் வெள்ளை விழுந்த கறுப்பு ஆடு அது. நாச்சாயிக்கு மகள் ராக்கு பிறந்தபோது தாய்க்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிப்போனது. பிள்ளையைப் பிழைக்க வைத்தது சுட்டியின் மடி. அதை நாச்சாயி ஒருநாளும் மறந்ததில்லை. ஆனால் போன கோடையில் பால்கட்டி தீர்ந்து, மழையும் தள்ளிப்போய், பட்டியில் பிள்ளைகள் செத்தன. ராக்கு எலும்பும் தோலுமாகத் தப்பினாள். அதையும் நாச்சாயியால் மறக்க முடியவில்லை.

பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு, கத்தியோடு சுட்டியிடம் வந்து நின்றாள்.

"இந்த வருசம் ஒன் முறை சுட்டி."

"ஒம் மகளும் இந்த மடியிலதான குடிச்சா," என்றது சுட்டி.

"இல்லைன்னு சொல்லல. அவ பசியில சுருண்டு கெடந்ததை நீயும் பாத்த. இன்னொரு கோடை என்னால அதப் பாக்க முடியாது."

குட்டிக்குக் கடைசியாக ஒருமுறை பால் கொடுத்துவிட்டு வரட்டுமா என்று சுட்டி கேட்டது. நாச்சாயி சரி என்று அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள். அவள் தலை மறைந்ததும் சுட்டி குட்டியை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கியது.

அதன் யோசனை சுலபமானது. குட்டி தழை தின்றுவிட்டால் யாருக்கும் வேண்டாத குட்டியாகிவிடும். வழியெல்லாம் இண்டு, இலந்தை, ஆவாரை என்று ஒவ்வொன்றாகக் காட்டியது. குட்டி முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டு மடியைத் தேடி வந்தது. செல்லம் கொடுத்துக் கெடுத்தது யார் என்று கேட்டால் சுட்டி யாரைக் கைகாட்டும்? அத்திமரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது மேலே நாச்சாயி கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, இத எங்கயாச்சும் மறைச்சுக்கோ," என்று சுட்டி மரத்தைக் கெஞ்சியது.

தன்னிடம் பொந்து இல்லை, புதர் இல்லை, இருப்பதெல்லாம் பூதான் என்றது மரம். உண்மையும் அதுதான். அதற்குள் குட்டி, கண்டதையெல்லாம் மடி என்று நினைக்கிற வயசு, அடிமரத்தில் வாயை வைத்துச் சப்பத் தொடங்கியது. இதுவரை எல்லோரும் அத்தியை அண்ணாந்து பார்த்தார்களே தவிர, அதனிடம் ஒன்றும் வேண்டி வந்ததில்லை. மரத்துக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

கிளை நுனிகளில் இருந்த பூக்களையெல்லாம் அது அடிமரத்துக்கு இறக்கியது. குட்டியைச் சுற்றி நெருக்கமாக அடுக்கியது. சிவப்பு வெளியே தெரிந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று, ஒவ்வொரு பூவும் இதழை உள்ளே மடக்கிப் பச்சைப் புறத்தை வெளியே காட்டியது. தேன் குடித்துக்கொண்டிருந்த பூச்சிகள் என்ன நடக்கிறது என்று கேட்பதற்குள் உள்ளே மாட்டிக்கொண்டன.

நாச்சாயி வந்தபோது சுட்டி ஒன்றும் அறியாததுபோல் நின்றுகொண்டிருந்தது.

"குட்டி எங்கடி?"

"இங்கனதான் மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

"மேயிற குட்டியா அது?" என்றாள் நாச்சாயி.

அவள் மரத்தைப் பார்த்தாள். நுனிக்கிளைகள் மொட்டையாக இருந்தன. அடிமரத்தில் இதுவரை இல்லாத பச்சைக் கொத்துகள். அதில் ஒன்று மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது. அவளுக்கு விளங்கிவிட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கத்தியைப் பாய்ச்சினாள்.

கையெல்லாம் நனைந்தது. கண்ணைத் திறந்தால் சிவப்பு இல்லை, வெள்ளையாக வடிந்துகொண்டிருந்தது. மறுபடி குத்தினாள். கத்தி வருகிற இடமெல்லாம் மரம் இன்னொரு கொத்தைக் கொண்டுவந்து வைத்தது. அது சத்தமே போடவில்லை. காற்றுக்கே கோபித்துக்கொள்கிற மரம், யாரோ பெற்ற குட்டிக்காக வெட்டு வாங்கிக்கொண்டு நின்றது. ராக்கு பசியில் கிடந்தபோது தானும் இப்படித்தான் வாய் திறவாமல் தன் பங்கை அவளுக்கு ஊட்டியது நாச்சாயிக்கு நினைவு வந்தது. அதன்பிறகு அவளுக்குக் கை எழவில்லை. திரும்பி மேலே ஏறிப் போனாள்.

பட்டியில் அடுப்பு அணைந்திருந்தது. பானையில் பால் ஆறிக்கொண்டிருந்தது. உறை இல்லாமல் இனி அது புளித்துப் போகும், கீழே கொட்டத்தான் வேண்டும். மற்றவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே, இத்தனை வருடப் பழக்கத்தில், சூடு பார்க்கக் கையை மணிக்கட்டு வரை பாலில் விட்டாள். எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்து அழுதாள். மகளை நினைத்து அழுதாளா, மரத்தை நினைத்து அழுதாளா என்று அவளுக்கே தெரியாது.

பாலைக் கொட்டிவிட எழுந்து வந்து பானையைச் சாய்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. விரலை உள்ளே விட்டுத் தூக்கினாள். இறுகிய பால் விரலுக்கு இருபுறமும் வெடித்துப் பிளந்து, நடுவில் தெளிந்த நீர் ஊறியது. எந்த இரைப்பையிலும் அவள் இவ்வளவு நல்ல பதம் கண்டதில்லை. கையை முகர்ந்து பார்த்தாள். அத்திப்பாலின் வாசம் அடித்தது.

அவள் ஓடி வந்த ஓட்டத்தைப் பார்த்துச் சுட்டி கொம்பைத் தாழ்த்திக்கொண்டு குறுக்கே நின்றது. நாச்சாயி வெறுங்கையை விரித்துக் காட்டினாள். இனி எந்தக் குட்டி மேலும் கத்தி படாது என்று சொல்லி, மரத்தைப் பூவைத் திறந்துகொள்ளச் சொன்னாள்.

கொத்துகள் விலகின. குட்டி வெளியே வந்து நேராக மடிக்குப் போனது. பூக்கள் மட்டும் திறக்கவில்லை. மரம் முக்கி முனகிப் பார்த்தது. வெட்டுப்பட்ட இடத்தில் வடிந்த பால் இதழ்களுக்கு நடுவே இறங்கி இறுகிவிட்டிருந்தது.

"நான் செஞ்ச பாவம் இது," என்றாள் நாச்சாயி.

"போகுது விடு," என்றது மரம். பிறகு, "பால் வேணும்னா வந்து கிள்ளிக்கோ. கத்தி மட்டும் கொண்டு வராத," என்றது.

அந்தக் கோடையில் மழை இன்னும் தாமதமாகத்தான் வந்தது. பட்டியில் ஒரு பிள்ளையும் சாகவில்லை. அத்திப்பூ உள்ளே இருந்து பார்க்க எப்படி இருந்தது என்று ராக்கு குட்டியைத் துளைத்தெடுத்தாள். குட்டி வெகுநேரம் யோசித்து, இருட்டாக இருந்தது, தூங்கிவிட்டேன் என்றது.

அன்று முதல்தான் பால்கட்டிக்கு அத்திப்பால் எடுக்கிறவர்கள் கத்தி கொண்டுபோகாமல் நகத்தால் கிள்ளுகிறார்கள். அத்தியும் அடிமரத்தைக் கட்டிக்கொண்டு, பூவையும் பூச்சியையும் உள்ளே பூட்டிக் காய்க்கிறது. எப்போதோ வருகிற விருந்தாளியை நாம் அத்தி பூத்தாற்போல வந்திருக்கிறாய் என்கிறோம், அந்தப் பூவைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லாமலே.