தாடி வைத்த காசு

முன்னொரு காலத்தில் என்றே சொல்லிவிடுகிறேன். இந்தக் காலத்தில் என்று சொல்லிப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் உடம்பில் இருக்கிற உறுப்புகள் எல்லாம் அதனதன் இடத்திலேயே இருக்கட்டும் என்றும் ஓர் ஆசை இருக்கிறது. ஆகவே முன்னொரு காலத்தில், பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு நாட்டில், ஓர் அரசர் இருந்தார். அவருடைய சபையில் அம்பலக்கூத்தன் என்று ஒரு விகடன் இருந்தான். அரசரைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. அரசர் சிரிக்காத நாளில் என்ன நடக்கும் என்பது ஊருக்கே தெரியுமாதலால், அவன் வேலையில் விளையாட்டு கொஞ்சம் குறைவு.

ஒருநாள் கடல் தாண்டி வந்த யவன வணிகன் ஒருவன் அரசர் முன்னால் ஒரு பொற்காசை வைத்தான். காசு நிறைய ஒரு முகம். பார்ப்பவனை நேருக்கு நேர் முறைக்கிற முகம். உருட்டிய கண், நெஞ்சுவரை தாடி, மகுடத்திலிருந்து இரண்டு காதோரமும் தொங்கும் முத்துச்சரம், கையில் ஓர் உருண்டை.

"யார் இந்தத் தாடிக்காரர்?" என்று கேட்டார் அரசர்.

"எங்கள் பேரரசர், அரசே. காலமாகி நெடுநாளாயிற்று. ஆனாலும் சந்தையில் இன்னும் செல்லுபடியாகிறார்."

"கையில் என்ன?"

"உலகம், அரசே."

அரசர் தம் கையைப் பார்த்தார். வெற்றிலைதான் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டார்.

வணிகன் பேசத் தெரிந்தவன். "பேரரசர் ஒருவர்தானே, எல்லா ஊரிலும் எப்படி இருப்பார்? அதனால் ஊருக்கு ஊர் அவர் படத்தை வைப்போம். படத்தின் முன்னால்தான் வழக்கு நடக்கும். படத்தை அடித்தவன் பேரரசரையே அடித்தவன்" என்றான்.

"அவருக்குப் போட்டியாக எவனாவது கிளம்பினால்?"

"கொல்லமாட்டார்கள், அரசே. கண்ணை மட்டும் எடுத்துவிடுவார்கள். எங்கள் ஊரில் அதற்குக் கருணை என்று பெயர்."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தான் வரவழைக்கவில்லை என்பதைக் கூத்தன் கவனித்தான்.

அதுவரை அந்த நாட்டுக் காசில் ஒரு காளை இருந்தது. பாவம், யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாத காளை. மறுநாளே அது போயிற்று. இனிக் காசில் அரசரின் திருமுகம். கூடவே ஒரு சட்டமும் பறையறைந்து சொல்லப்பட்டது: காசில் இருப்பவர் அரசரே, காசுக்குச் செய்தது அரசருக்கே செய்தது.

அச்சு வெட்டும் வேலை ஆவுடை ஆசாரிக்கு வந்தது. காசு அடிக்கும் அக்கசாலையில் அவரை மிஞ்சின கை கிடையாது. கூத்தன் விகடனாவதற்கு முன்னால் வெறும் பசித்தவனாக இருந்த காலத்தில் அவனுக்குச் சோறு போட்ட வீடு ஆசாரியுடையது. இப்போதும் அரண்மனை விருந்து இறங்காத நாட்களில் அங்கேதான் போய் உட்காருவான்.

அன்று ஆசாரி உளியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, வேலை ஓடலையா?"

"எப்படி ஓடும் தம்பி? அரசர் முன்னால நாங்க தலை நிமிரக் கூடாது. இத்தனை வருஷமா அவர் காலைத்தான் பார்த்திருக்கேன். பெருவிரல் எப்படி இருக்கும்னு கேளு, இப்பவே வெட்டித் தரேன். முகத்துக்கு நான் எங்கே போவேன்?"

கூத்தனுக்கு அரசரின் முகம் மனப்பாடம். சிறுத்த தாடை. பூனை முடிபோல அங்கங்கே நாலு மயிர். கன்னமெல்லாம் அம்மைத் தழும்பு. இடது இமை பாதிக் கண்ணை மூடிக்கொண்டே இருக்கும். இதையெல்லாம் வாயால் சொன்னவனும் மிஞ்சமாட்டான், கேட்டு வெட்டியவனும் மிஞ்சமாட்டான்.

"அந்த யவனக் காசைப் பார்த்து அப்படியே வெட்டிடுங்கண்ணே" என்றான் கூத்தன்.

"அவருக்குத் தாடி உண்டா?"

"இனிமே உண்டு."

புதுக் காசு அரசரிடம் போனது. அவர் காசைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். மறுபடி காசைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் தூக்கி வெளியே போடச் சொன்னார்.

நாடு முழுக்கத் தாடிக் காசு புழங்கியது. சனங்கள் அரசரின் முகத்தை நிமிர்ந்து பார்த்ததேயில்லை. ஆகவே அவர்களுக்கு அதுதான் அரசர். எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கும், கருவூல அதிகாரி மழவராயர் என்று ஒருவர் பிறக்காமல் இருந்திருந்தால். தம் பேச்சைவிட விகடன் பேச்சுக்கு அரசர் காது கொடுக்கிறார் என்று அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். ஆனால் கூத்தனின் நாக்கைத் தொட முடியாது, அது அரசருக்கு வேண்டும். ஆகவே கூத்தனுக்கு வலிக்கிற வேறு இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

காசு அடிப்பது எப்படியென்றால், கீழச்சின் மேல் பொன்வில்லையை வைத்து, அதன் மேல் மேலச்சை வைத்து, சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட வேண்டும். சில சமயம் வில்லை நகர்ந்துவிடும், முகம் கோணிக்கொள்ளும். அதை உருக்கித் திரும்ப அடிப்பார்கள். அக்கசாலை தோன்றிய நாள் முதல் இதுதான் வழக்கம். ஒருநாள் மழவராயர் சேவகர்களோடு வந்து, மூக்குக் கோணிய காசு ஒன்றை ஆசாரி உலையில் போடும்போது கையைப் பிடித்தார்.

"அரசரின் முகத்தில் சுத்தியலால் அடித்தான். பிறகு அரசரைத் தீயிலும் இட்டான்" என்பது குற்றச்சாட்டு. சட்டம் தெளிவாக இருந்தது. வலக்கையை வெட்டுவது என்று தீர்ப்பாயிற்று.

ஆசாரியின் மனைவி பிச்சி கூத்தனைத் தேடி ஓடி வந்தாள். அழவில்லை. மூச்சுத்தான் வாங்கியது.

"தம்பி, அவருக்குக் கை போனா வேற என்ன இருக்கு? சோறு திங்கும்போதுகூட அந்த விரல் சும்மா இருக்காது. இலையிலே எதையாவது வரைஞ்சுக்கிட்டே இருக்கும். நீதான் காப்பாத்தணும்."

கூத்தன் அரசரிடம் போய் விழுந்தான். அரசர் சிரித்தபடியே, "ஆசாரியின் கைதானே உனக்கு வேண்டும்? நம் சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறக் கூடாது. மாறாமல் காப்பாற்ற முடிந்தால் காப்பாற்றிக்கொள். நாளைச் சபை வரை நேரம்" என்றார்.

மறுநாள் சபை கூடியதும் கூத்தன் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"அரசே! தாங்கள் தப்பித்து வந்துவிட்டீர்களா? நான் கண்ட கொடுமையை எப்படிச் சொல்வேன்!"

"என்ன கண்டாய், கூத்தா?"

"தங்களைச் சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, அரக்கு முத்திரையும் வைத்து, காற்றுப் புகாத நிலவறையில் பூட்டியிருக்கிறார்கள். ஒரு சாக்கின் மேல் இன்னொரு சாக்கு. தங்கள் மேல் எலி ஓடுகிறது, அரசே! சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, இதோ, மழவராயர் ஒன்றும் தெரியாதவர்போல நிற்கிறார்."

மழவராயருக்கு வேர்த்தது. "அரசே, அது கருவூலம்!"

"அரசரைப் பூட்டிவைக்கிற இடத்துக்குச் சிறை என்றுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். அது போகட்டும். போன வாரம் இவர் தங்களை ஒரு குதிரை வணிகனுக்கு விற்றார். விற்று ஒரு குதிரை வாங்கினார். அதுவும் நொண்டிக் குதிரை."

சபையில் எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது.

"சேனாபதி தங்களைச் சூதாட்டத்தில் வைத்துத் தோற்றார். பூக்காரி தங்களை முந்தானையில் முடிந்திருக்கிறாள். வட்டிக்கடைக்காரன் தங்களைப் பல்லால் கடித்துப் பார்க்கிறான். இவ்வளவு ஏன், தேர்த் திருநாளன்று தாங்களே தங்களை அள்ளித் தெருவில் வீசினீர்கள். ஆசாரி ஓர் அடிதான் அடித்தார், அரசே. சட்டத்தில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம். பெரிய குற்றத்திலிருந்து தொடங்குவோம். சிறைவைத்தவர், விற்றவர், தோற்றவர், முடிந்தவள், கடித்தவன் என்று வரிசையாகத் தண்டித்து முடித்துவிட்டு ஆசாரியிடம் வருவோம். அதற்குள் நாட்டில் கத்தி பிடிக்க எவனாவது மிஞ்சியிருந்தால், அவன் மடியிலும் தாங்கள் முடிச்சாக இல்லாமல் இருந்தால், கையை வெட்டட்டும்."

அரசர் சிரித்தார். சிம்மாசனம் ஆடுகிற மாதிரி சிரித்தார். அவர் சிரித்ததால் சபையும் சிரித்தது.

"பிழைத்தான் ஆசாரி! கை அவனுக்கே! அவனை உள்ளே அழைத்து வாருங்கள்" என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பெருந்தன்மை காட்டும் ஆசை வந்துவிட்டால் அரசர்களைத் தடுக்க யாராலும் ஆகாது.

ஆசாரி வந்து குனிந்து நின்றார்.

"இன்று நம் மனம் குளிர்ந்திருக்கிறது. தலையை நிமிர்த்து. நம் முகத்தைப் பார். காசில் வெட்டினாயே, அந்த முகத்தை நேரில் பார்த்துச் சொல், எப்படி இருக்கிறது?"

வேண்டாம் வேண்டாம் என்று கூத்தன் மனசுக்குள் கத்தினான். ஆசாரி நிமிர்ந்தார். பார்த்தார். கற்றுக்குட்டி மாதிரி அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது. அதற்கு அவர் தொழிலில் இடமில்லை.

"அரசே," என்றார் கடைசியில், "உத்தரவு கொடுத்தால் வேறு அச்சு வெட்டித் தருகிறேன்."

மழவராயரின் முகம் மட்டும் மலர்ந்தது.

கூத்தன் குறுக்கே பாய்ந்தான். "தவறாகச் சொல்கிறார், அரசே! சட்டப்படி காசில் இருப்பவர்தான் அரசர். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது வித்தியாசம் இருந்தால் அது காசின் குற்றமாக இருக்க முடியாது. மாற வேண்டியது தங்கள் முகம்தான்!"

ஒரு கணம். பிறகு அரசர் மறுபடி சிரித்தார். கூத்தனுக்கு உயிர் வந்தது.

"சரியாகச் சொன்னாய். சட்டத்துக்கு நாமும் கட்டுப்பட்டவர்தாமே. இன்றே கூத்து ஆடுகிறவர்களிடம் நல்ல தாடியாக ஒன்று வாங்கி வாருங்கள். முத்துச்சரமும் கோக்கட்டும். நம் கூத்தனுக்கு ஒரு பை நிறையப் பொற்காசு." பிறகு ஆசாரியைப் பார்த்தார். "இரண்டு முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து வித்தியாசம் சொன்னவன் நாட்டில் நீ ஒருவன்தான். இவன் கண்ணை எடுத்துவிடுங்கள்."

கூத்தன் அவர் காலைப் பிடித்தான். "அரசே, வாக்குக் கொடுத்தீர்களே!"

"கொடுத்தேன். மாறினேனா? நீ என்ன கேட்டாய்? கை. கையைத் தந்துவிட்டேன். கண்ணைப் பற்றி நீ பேசவேயில்லையே, கூத்தா!" தம் சாமர்த்தியத்தில் தாமே மகிழ்ந்து, தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "எப்படி? உன்னிடம் கற்றதுதான்!"

சபை அதிர்ந்து சிரித்தது. மழவராயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அரசர் சிரித்ததும் கூடச் சிரித்தே பழகிய கூத்தனின் வாயும் திறந்து சிரித்துவிட்டது. அந்த வாயை அவன் சாகிறவரை மன்னிக்கவில்லை.

அரண்மனையில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இங்கேயே முடித்துவிடுவார்கள்: அரசர் சிரித்தார், விகடனுக்குப் பை நிறையப் பரிசு கொடுத்தார் என்று. அதில் ஒன்றும் பொய்யில்லை.

புண் ஆறின பிறகு ஒரு பகலில் கூத்தன் அந்தப் பையை எடுத்துக்கொண்டு ஆசாரி வீட்டுக்குப் போனான். பிச்சி அதைத் தொடவில்லை. பிறகு, "வச்சிட்டுப் போ தம்பி, அரிசி வாங்கணும்" என்றாள்.

ஆசாரி அவன் குரலைக் கேட்டதும் பரபரத்தார். வார்ப்பு மெழுகில் எதையோ செய்து துணியில் மூடி வைத்திருந்தார். "வா வா, உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன். இதைப் பாரு."

துணியை எடுத்தார். சிறுத்த தாடை. அங்கங்கே நாலு மயிர். நக நுனியால் குத்திக் குத்தி வைத்த அம்மைத் தழும்பு. பாதி மூடிய இடது இமை. எப்படி இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று பாராட்டுக்கு ஏங்கும் அந்த உதடுகூடத் தப்பவில்லை. அரசரே மெழுகாகி உட்கார்ந்திருந்தார்.

"கடைசியாப் பார்த்தது அதுதானே, அப்படியே நிக்குது" என்றார் ஆசாரி. "அன்னிக்கு வேற அச்சு வெட்டித் தரேன்னு சொன்னேன். சொன்ன சொல்லைக் காப்பாத்தணும்ல. இதைக் கொண்டுபோய் அவர்கிட்டக் காட்டு. சரியா இருந்தா சந்தோஷப்படுவார். கண்ணு போனாலும் கை இருக்குன்னு தெரிஞ்சுக்கட்டும். சரியா இருக்கா, சொல்லு."

தெருவில் யாரோ பேசிக்கொண்டு போனார்கள். கூத்தன் வாசலைப் பார்த்தான். இந்த மனிதரிடமிருந்து எடுப்பதற்கு இன்னும் என்னென்ன மிச்சம் இருக்கிறது என்று நினைத்தான்.

"இல்லண்ணே" என்றான்.

"என்ன இல்ல?"

"ஒட்டவே இல்ல."

"மூக்கு?"

"மூக்கும் இல்ல."

"தாடையாவது?"

"எதுவுமே இல்லண்ணே. யாரோ மாதிரி இருக்கு."

"அப்போ கையும் போயிடுச்சா" என்றார் ஆசாரி மெதுவாக.

கூத்தன் மெழுகை எடுத்து அடுப்பில் போட்டான். பிச்சி அவன் முகத்தைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துபோனது அவளுக்கு. குனிந்து அடுப்பை ஊதினாள்.

பிறகு இலை போட்டாள். கூத்தன் ஆசாரியின் வலக்கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அது சோற்றைப் பிசைந்தது, எடுத்து வாயில் வைத்தது. வேறொன்றும் செய்யவில்லை.