கிருமிக்கு உபயம் செய்த மூவர்

இதை எனக்கு முதலில் சொன்னது என் சம்பந்தி சௌந்தரவல்லி. போன கார்த்திகை தீபத்தன்று, அகலுக்குத் திரி போட்டபடியே சொன்னார். சாமி காரியத்துக்கு நடுவே சிரிக்கக் கூடாதுதான். முருகன் மன்னிப்பான்.

அவர்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் அபிநயா என்ற பெண்ணும் அவள் கூட்டாளிகளும் ஒரு கிருமியின் மரபணுவை மாற்றி, கெட்ட தண்ணீர் பட்டால் பச்சையாக ஒளிரும்படி செய்திருந்தார்களாம். நடுவர் வந்து அந்த ஒளியைக் கண்ணால் பார்த்தால்தான் வெளிநாட்டுப் போட்டிக்குப் போக முடியும்.

செலவை ஏற்றுக்கொண்டவர்கள் மாவு மில் மருதப்பன், பாத்திரக்கடை பஞ்சநாதம், ஜவுளிக்கடை குழந்தைவேலு. மூவருக்கும் தங்கமான மனசு. மற்றதை வைக்க ஆண்டவனுக்கு நேரமில்லை போலிருக்கிறது.

"பிள்ளைங்களுக்கு நீங்க கூடவே நிக்கணும்" என்றார் பேராசிரியர். நின்றார்கள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"சூடு குறையாம பாத்துக்குங்க ஐயா" என்றாள் அபிநயா. குழந்தைவேலு கம்பளி கொண்டுவந்து கிருமிப் பெட்டிக்குப் போர்த்தினார். மருதப்பன் புறங்கையால் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் நல்லா இருக்கு" என்றார்.

நடுவர் வரும் நாள். "உங்க பேர் எல்லார் கண்ணுலயும் படும்" என்று பேராசிரியர் சொல்லிவிட்டுப் போனார்.

"எல்லார் கண்ணும் எங்க இருக்கும்?" என்றார் பஞ்சநாதம்.

"கிருமி மேல" என்றார் மருதப்பன்.

"அப்ப அங்கதான் எழுதணும்."

"அத்தனை கிருமிக்கும் எழுத பெயிண்டருக்குக் கட்டுப்படியாகுமா அண்ணாச்சி?" என்றார் குழந்தைவேலு.

யோசித்து, கிருமி இருந்த கண்ணாடித் தட்டின் மூடி மேலேயே எழுதினார்கள். சிவப்புப் பெயிண்டில் 'உபயம்', மூன்று பெயர், தகப்பனார் பெயர், 'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை'. இடம் போதாமல் போன் நம்பர் அடிப்பக்கம் போயிற்று.

நடுவர் விளக்கை அணைக்கச் சொன்னார். கும்மிருட்டு. பெயிண்ட் மறைத்ததில் பச்சை ஒளி துளிகூட வெளியே வரவில்லை. மூடியைத் திறந்தால் வேறு கிருமி புகுந்து எல்லாம் கெட்டுவிடும். அபிநயா மூவரிடமும் ஓடிவந்தாள்.

"கும்பிடுறேன் ஐயா, பேரைச் சுரண்டுங்க!"

"உபயத்துல இருக்கிற தன் பேரைத் தானே அழிக்கலாமா? ஆகாதும்மா" என்றார் மருதப்பன்.

"உங்க பேரை நான் அழிக்கிறேன் அண்ணாச்சி. எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல" என்றார் பஞ்சநாதம்.

"அப்ப உன் பேரை?"

"நான் இருக்கேன்ல" என்று குழந்தைவேலு சாவிக்கொத்தை எடுத்தார்.

குழந்தைவேலுவின் பெயரை மருதப்பன் கவனித்துக்கொண்டார். அடுத்தவர் பெயர் என்பதால் ஒரு புள்ளிகூட மிச்சம் வைக்கவில்லை. தட்டு பளிச்சென்று ஆக, பச்சை ஒளி அறையெல்லாம் பரவியது. நடுவர் கைதட்டினார். பிள்ளைகள் போட்டிக்குத் தேர்வாகிவிட்டார்கள்.

உபயதாரர்களுக்குத்தான் மனசு ஆறவில்லை. பச்சை தெரிகிறது, யார் உபயம் என்று தெரியவில்லையே! பேர் வெளிச்சத்துக்கு வரட்டும் என்று அங்கே ஒரு டியூப் லைட் வாங்கி மாட்டினார்கள். அதன் மேல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, சுற்றிலும் இடைவெளியில்லாமல், கிளைகள் இல்லாததுவரை எழுதியாயிற்று.

"எரியுதா?"

"சுவிட்சு போட்டிருக்கே."

"பின்ன ஏன் இருட்டா இருக்கு?"

இன்னமும் அதன் கீழேதான் நிற்கிறார்களாம். நீங்கள் அந்தப் பக்கம் போனால், அந்த லைட் எரிகிறதா என்று மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.