மூக்காண்டி வாத்தியாரின் சிவப்புக் கொண்டை

அந்தக் காலத்தில், மனிதரும் பறவைகளும் ஒரே பேச்சுப் பேசி ஒரே திருவிழாவில் கூடியபோது, பொதிகை மலையில் குஞ்சுகளுக்கென்று ஒரு பள்ளி இருந்தது. தூக்கணாங்குருவி சடையன் அங்கே கூடு முடையச் சொல்லிக்கொடுத்தான். குயில் பாட்டு வாத்தியார். மரங்கொத்தி மூக்காண்டி, காய்ந்த மூங்கிலில் மூக்கால் கொட்டடிக்கக் கற்றுக்கொடுத்தான். அப்போது அவன் தலை அடுப்புக்கரி நிறம்.

பள்ளிக்குப் பெரியவர் மயில். அவருக்குக் கொட்டென்றாலே ஆகாது.

"பாட்டு இருக்கு, கைத்தொழில் இருக்கு. இந்த டொக்கு டொக்கு எதுக்கு வே? தைத் திருவிழாவுல உம்ம பிள்ளைங்க சபையை ஆட வச்சாத்தான் கொட்டு வகுப்பு. இல்லைன்னா இழுத்து மூடிருவேன்."

மூக்காண்டிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஆட வைக்கேன். உம்மையும் சேர்த்து!" என்று சொல்லிவிட்டு வந்தான். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசிக்க ஆரம்பித்தான்.

திருவிழாவுக்கு முந்தின நாள் சடையனைப் பிடித்தான். "உம்ம நாரு மட்டும் எப்படிவே சொன்னபடி கேக்குது?"

"ராத்திரி முழுக்க ஓடைத் தண்ணியில ஊறப் போடுவேன். அப்புறம் வளைச்ச பக்கமெல்லாம் வளையும்."

நாருக்கு நல்லதென்றால் மூங்கிலுக்கும் நல்லதுதானே என்று நினைத்தான் நம் மகாராசன். கொட்டடிக்கிற மூங்கிலைக் கொண்டுபோய் ஓடையில் ஊறப் போட்டுவிட்டான்.

விடிந்தது. மலையெல்லாம் பனி. சபை கூடியதும் குஞ்சுகள் மூங்கிலில் ஓங்கிக் கொட்டின. சொத்... சொத்... என்றது மூங்கில். சபை விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்காதவர் பறை அடிக்க வந்திருந்த மாசாணம் ஒருவர்தான். பனியில் தொய்ந்துபோன பறையைப் பிடித்துக்கொண்டு அவரும் திருதிருவென்று விழித்தார்.

குஞ்சுகள் தலையைத் தொங்கப்போட்டன. தன்னைப் பார்த்துச் சிரித்திருந்தால் மூக்காண்டி பொறுத்திருப்பான். குற்றமே செய்யாத பிள்ளைகள் தலைகுனிந்ததை அவனால் தாங்க முடியவில்லை.

"ஏலே, மூங்கிலைத் தூக்குங்க!" என்று கத்தினான்.

பொங்கல் பானை இறங்கிய அடுப்பில் இன்னும் தீ எரிந்தது. மூங்கிலை அதன் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி, மேலே ஏறித் தட்டித் தட்டிக் காது கொடுத்தான். ஈரச் சத்தம் கேட்ட பக்கத்தைத் தீக்குத் திருப்பச் சொன்னான். குனிந்தவன் தலையில் தீ நாக்கு பட்டது.

"வாத்தியாரே, தலை பத்திக்கிடுச்சு!"

"பத்தட்டும். மூங்கிலைத் திருப்புங்கலே!"

டொக் என்றது மூங்கில். பிறகு டண் என்றது. மலையே திரும்பிப் பார்த்தது. அதன் பிறகு குஞ்சுகளை யார் நிறுத்த முடியும்? மாசாணமும் தன் பறையைத் தீயில் காட்டினார். தோல் விறைத்துக் கணீரென்றது. மூங்கிலும் பறையும் சேர்ந்து முழங்க, சபை முழுவதும் ஆடியது. மயில் தோகையை விரித்துத் தன்னை மறந்து ஆடிக்கொண்டிருந்தார்.

ஆடி ஓய்ந்து மூச்சு வாங்க வந்தார். "வகுப்பு நடக்கட்டும் வே. தலைதான் இப்படிச் சிவந்துபோச்சு. ஏதாவது இலையை வச்சு மறைச்சுக்கிடும்."

"மறைக்கவா? என் பிள்ளைங்க ஜெயிச்ச அடையாளமாக்கும் இது!" என்று மூக்காண்டி கொண்டையை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினான்.

அன்று முதல்தான் மரங்கொத்தி சிவப்புக் கொண்டையோடு காய்ந்த மரமாகப் பார்த்துக் கொட்டுகிறது. பறை அடிக்கிறவர்களும் முதல் அடிக்கு முன்னால் பறையைத் தீயில் காட்டுகிறார்கள்.