நாலு சுற்று சைக்கிள் ட்யூப்

இசக்கியப்பன் ஐம்பத்திரண்டு வயதில் கார் மெக்கானிக் வேலை கற்றுக்கொள்ள வந்தார். கற்றுக்கொடுத்த கிருபாகரனுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. சீடரைக் குரு அண்ணாச்சி என்பார். குருவைச் சீடர் மேஸ்திரி என்பார்.

இசக்கியப்பனின் பிழைப்பு ஒரு பழைய கார். கல்குவாரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு நான்கு டீச்சர்களைத் தினமும் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டிவருவார். வண்டி நின்றால் வீட்டில் உலை கொதிக்காது. அதற்குப் பயந்துதான், தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பகலில் மேஸ்திரியின் பட்டறைக்கு வந்தார்.

அந்த வயதில் கற்பது லேசில்லை. கை பழகிவிடும். தெரியவில்லை, கேட்கவில்லை என்று சொல்ல வாய் பழகாது.

மேடு ஏறும்போது வண்டி திணறுகிறது என்று டீச்சர்கள் முணுமுணுத்தார்கள். இசக்கியப்பன் டவுனுக்குப் போய்ப் புது மாதிரி ஏர் ஃபில்டர் ஒன்று வாங்கிவந்தார். சிவப்பாக, கூம்பு மாதிரி இருந்தது. பழைய ஃபில்டரின் இரும்பு டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு இதை மாட்டினால் எஞ்சின் தாராளமாக மூச்சு விடும் என்று கடைக்காரர் சொன்னாராம்.

பட்டறையில் மாட்டப் போனால் அளவு சேரவில்லை. ஃபில்டரின் வாய் பெரிது, எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் கார்புரேட்டரின் கழுத்து சிறிது. இசக்கியப்பன் யோசிக்கவே இல்லை. பழைய சைக்கிள் ட்யூபைப் பட்டையாக வெட்டிக் கழுத்தில் நாலு சுற்று சுற்றினார். அதன்மேல் ஃபில்டரை அழுத்தி, கிளிப்பை முறுக்கினார். குழாய் ஒழுகினாலும் மண்வெட்டிக் காம்பு ஆடினாலும் எங்கள் பக்கத்தில் அதுதான் வைத்தியம்.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். பானெட்டைத் திறந்தபடியே, ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் இழுத்து எஞ்சினை முடுக்கினார். வண்டி உறுமியது. டீக்கடையில் இருந்தவர்கள்கூட வந்து நின்றார்கள். அண்ணாச்சி புலி வாங்கியிருக்கிறார் என்றார் ஒருவர்.

மேஸ்திரி பக்கத்தில் வந்து ட்யூபைத் தொட்டு என்னவோ சொன்னார். இசக்கியப்பன் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். இன்னும் கொஞ்சம் முடுக்கினார். மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

எட்டு மாதம் ஆனது. வண்டி ஆயிலைக் குடித்தது. பின்னால் நீலப் புகை. கொசு மருந்து அடிக்கிற வேலையும் சேர்த்துப் பார்க்கிறீர்களா என்று ஒரு டீச்சர் கேட்டார். மேட்டில் நால்வரும் இறங்கி நடக்கவேண்டி வந்தது. திங்கட்கிழமை முதல் வேனுக்குச் சொல்லிவிட்டோம் என்றார்கள். இசக்கியப்பன் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

மேஸ்திரி எஞ்சினைப் பிரித்தார். சிலிண்டர் சுவரில் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். நகம் கோட்டுக்குக் கோடு தடுக்கியது. இது தேறாது, இதற்குச் சாமானும் இப்போது வருவதில்லை என்றார்.

இசக்கியப்பன் ஓடிப்போய் ஃபில்டரைக் கொண்டுவந்து நீட்டினார்.

"ஒரு மாசமாக் கழுவவே இல்லை, மேஸ்திரி. அப்படியும் புதுசு மாதிரி இருக்கு. தூசியே பிடிக்கலை."

"அதான், அண்ணாச்சி."

கழுத்தில் இருந்த ட்யூபை மேஸ்திரி உரித்தார். எஞ்சின் சூட்டில் வெந்து கெட்டிப்பட்டிருந்தது. மடக்கியதும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. கழுத்துக்குள் விரலை விடச் சொன்னார். இசக்கியப்பனின் விரல் வெள்ளையாக வெளியே வந்தது. குவாரிப் பொடி.

"எல்லாம் இந்த வெடிப்பு வழியா உள்ளே போயிருக்கு. ஃபில்டருக்கு வேலையே இல்லை."

இசக்கியப்பன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது. எட்டு மாதமாகத் தினமும் இங்கேதானே இருந்தேன் என்றார். ஒரே டம்ளரில் டீயைப் பாதிப் பாதியாகக் குடித்தோமே என்றார். டீச்சர்களுக்கு வேறு வேன் கிடைத்துவிட்டது, எனக்கு வேறு என்ன இருக்கிறது என்றார்.

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மேஸ்திரி."

"சொன்னேன். ட்யூப் சூடு தாங்காது, அளவா ஒரு ரிங் கடைஞ்சு தாரேன்னு சொன்னேன். நீங்க முடுக்கிக்கிட்டு இருந்தீங்க."

"எனக்குக் கேட்கலையே."

"தலையாட்டினீங்க."



மேஸ்திரி நொறுங்கிய ட்யூபைக் குனிந்து பொறுக்கினார்.

"உங்களுக்குக் கேட்கலைன்னு எனக்கு அப்பவே தெரியும், அண்ணாச்சி. நீங்க தலையாட்டினது எனக்குப் போதுமா இருந்துச்சு."