முதல் இடம் பெற்ற குழந்தை

"டீச்சர், இன்னைக்கு எனக்கு ஒரே பதில்தான் வேணும். எந்த பிரிண்டர் வாங்க?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டான் செல்வின்.

மெஹர்பானு அவன் காலைப் பார்த்தாள். அவன் திரும்பிப் போய்ச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தான்.

மார்த்தாண்டத்தில் ஒரு டயர் கடையின் மாடியில் அவள் ஞாயிறுதோறும் போட்டோகிராபி சொல்லிக்கொடுக்கிறாள். அவளுக்கு வயது இருபத்தொன்பது. செல்வினுக்கு நாற்பத்திரண்டு. லைன்மேன் வேலை. கொட்டுகிற மழையில் மின்கம்பத்தில் ஏறச் சொன்னால் யோசிக்காமல் ஏறிவிடுவான். ஆனால் வீட்டுக்கு ஒரு போட்டோ பிரிண்டர் வாங்க நாலு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தான்.

"போன வாரமும் இதத்தான் கேட்டீங்க அண்ணே."

"போன வாரம் நாலு கலர் மையா, ஆறு கலர் மையான்னு கேட்டேன். அது முடிவாயாச்சு. ஆறுதான். இப்ப டேங்க்ல மை ஊத்துததா, ரிப்பன்ல அடிக்கதான்னு..."

"உக்காருங்க."

உட்கார்ந்தான். எழுந்தான். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். மறுபடி உட்கார்ந்தான்.

"பியூலாவுக்கு இன்னைக்குத்தான் பிளைட். நாலு மணிக்குக் கார் வந்திரும்."

பியூலா அவன் மனைவி. நர்ஸ். குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு வருட வேலை கிடைத்திருக்கிறது. டியூட்டிக்குப் போகும்போது போனைப் பூட்டி வைத்துவிட வேண்டுமாம். பன்னிரண்டு மணி நேரம் தொட முடியாது. அதனால் விசா வந்த அன்றே அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள். மகள் ஜோவிதாவின் படம். காகிதத்தில். யூனிபார்ம் பாக்கெட்டில் வைக்கிற அளவுக்கு.

"இன்னும் குடுக்கல்லியா?"

"கடையில பிரிண்ட் போட்டா பிள்ளையச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுப்பாக்கிருவான் டீச்சர். அவ நெறம் அப்படியா? நம்ம பிரிண்டர்ல, நாமளே பாத்துப் பாத்து அடிச்சா... முத படமே அவளுக்குத்தான்னு நெனச்சிருந்தேன்."

பாவம், பொய் சொல்லவில்லை. ஆசைதான். ஆசை இருக்கிறவனுக்குத்தானே இப்படிக் கிறுக்கும் பிடிக்கும்.

"கையில என்ன?"

தடித்த பைல் ஒன்றை நீட்டினான். நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவில் அவன் ஏறி இறங்காத கடை இல்லை. பிரிண்டரின் தரத்தைக் காட்டக் கடைக்காரர்கள் ஒரு மாதிரிப் படம் அடித்துக் கொடுப்பார்கள். பஞ்சவர்ணக் கிளி, பழக்கூடை, வானத்தில் பலூன், சிரிக்கிற குழந்தை. அப்படி இருபத்துமூன்று தாள் சேர்த்திருந்தான். ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் எண் போட்டு, மார்க் வேறு போட்டிருந்தான். கல்யாணத் தரகர்கூட ஜாதகக் கட்டை இவ்வளவு பத்திரமாக வைத்திருக்க மாட்டார்.

"இதுல முதல் இடம் எதுக்கு?"

இதற்கு மட்டும் அவன் யோசிக்கவே இல்லை. பதினேழாவது தாளை உருவினான். ஏதோ ஒரு தேசத்துக் குழந்தை. நீலக் கண், சுருட்டை முடி, வாய் நிறையச் சிரிப்பு.

"இந்த இமை முடியப் பாருங்க டீச்சர். லென்ஸ் வச்சு எண்ணியாச்சு. இதே பிள்ளைய அஞ்சு பிரிண்டர்ல அடிச்சுப் பாத்தேன். நாலுல காது மடல் கருத்துப் போச்சு. இதுலதான் அப்படியே நிக்கி."

"பிள்ளைய நல்லாத் தெரியும்போல."

"கண்ண மூடிட்டு அடையாளம் சொல்லுவேன்!"

மெஹர்பானு மேசையிலிருந்து கத்தியை எடுத்தாள். அளவுகோலை வைத்து, அந்தத் தாளை ஒரு பாக்கெட் அளவுக்கு வெட்டினாள்.

"டீச்சர்! அது சாம்பிள்!"

அவள் வெட்டிய படத்தை ஒரு வெள்ளைக் கவரில் போட்டாள். மேலே, 'பியூலாவுக்கு, செல்வின்' என்று எழுதினாள். அவன் சட்டைப் பையில் செருகினாள்.

"வீட்டுக்குப் போய்க் குடுங்க."

"அப்ப பிரிண்டர்?"

"குடுத்துட்டு வாங்க. சொல்லுதேன்."

வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே பைக் ஓட்டினான். இதை எந்த மடையனாவது கொடுப்பானா? போனதும் கவரைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தான்.

வீட்டில் பெட்டி இன்னும் மூடவில்லை. மடித்து வைத்த துணிமேல் ஜோவிதா ஏறி உட்கார்ந்திருந்தாள். இரண்டரை வயது. இறங்கச் சொன்னால் கத்தினாள்.

பியூலா நிமிர்ந்தாள். அவன் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த கவரைப் பார்த்தாள்.

"கொண்டு வந்தாச்சா!"

அவன் கையை வைத்து மறைப்பதற்குள் உருவிவிட்டாள். கை ஈரமாக இருந்ததால் நைட்டியில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டாள். பிறகுதான் பிரித்தாள்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நல்லாருக்கு" என்றாள். "இமை முடிகூடத் தெரியுது."

செல்வின் படத்தை வாங்கக் கை நீட்டினான்.

"கூட வேலை பாக்கவங்க, இது யாரு பிள்ளன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?"

கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. அவள் நிஜமாகவே கேட்டாள். படத்தைக் கவருக்குள் போட்டு அவனிடமே கொடுத்துவிட்டு, பெட்டியின் ஓரத்தில் சோப்புகளை அடுக்கப் போனாள்.

அவன் மகளைப் பார்த்தான். வலது புருவத்தின்மேல் சின்னதாக ஒரு தழும்பு.

"இது எப்ப?"

"போன மாசம். கட்டில்லருந்து விழுந்தா. நீங்க திருவனந்தபுரம் போயிருந்தீங்க."

செல்வினுக்கு வெட்கமாக இருந்தது. மணி மூன்று.

அலமாரியிலிருந்து கேமராவை எடுத்தான். வெளிச்சம் பார்க்கவில்லை, ஜன்னல் திரையை விலக்கவில்லை.

"மக்ளே, அப்பாவப் பாரு."

பெட்டிக்குள் இருந்தபடியே அவள் பார்த்தாள். ஒரு கையில் அம்மாவின் யூனிபார்ம். ஒரே ஒரு படம் எடுத்தான். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடினான். பைக் சாவியை மறந்துவிட்டான். திரும்பி வராமல் ஓடியே போனான்.

தெரு முக்கில் ஒரு ஜெராக்ஸ் கடை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். குனிந்து உள்ளே நுழைந்தான். மூலையில் ஒரு பிரிண்டர், மேலே தூசி, பெயர் அழிந்துபோயிருந்தது. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெமரி கார்டை உருவி நீட்டினான்.

கடைக்காரப் பெண் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தாள்.

"பிள்ளையக் கொஞ்சம் வெளுப்பாக்கவா அண்ணா?"

"ஒண்ணும் செய்யாண்டாம்."

"தலைக்குப் பின்னால துணியும் சோப்புமா கெடக்கே. வெட்டிரவா?"

"கெடக்கட்டும். பாக்கெட்டுல வைக்கணும், அந்த அளவு போதும்."

"பேப்பர் மினுக்கமில்லாத மேட்டா, பளபளன்னு கிளாஸியா?"

செல்வின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்றே கால்.

"எது முதல்ல வரும்?"