பெரிய வீட்டுக்காரர் ஏரிக்குப் போனார்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், அதனால் சொல்லப்போவதில்லை. அந்த நாட்டை ஆண்ட வாகைமாறன் என்ற அரசருக்கு ஒரு வியாதி வந்தது. பசி இல்லை, தூக்கம் இல்லை. பேசினால் அலுப்பு, பேசாவிட்டால் அதைவிட அலுப்பு. அரசர் சாப்பிடும்போது பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது என்பது அரண்மனை வழக்கம். அவர் வாய் திறந்தால் சபை முழுவதும் "ஆம், அரசே" என்று சொல்லிவிட்டு மூடிக்கொள்ளும். இப்படி வாழ்ந்தால் எனக்கும்தான் பசிக்காது.

அரண்மனை வைத்தியர் மருதவாணர் லேகியம் கொடுத்தார், கஷாயம் கொடுத்தார், மூலிகைப் புகை போட்டார். வைத்தியருக்குச் சன்மானம் சேர்ந்து உடம்பில் சதை ஏறியது. அரசர் மட்டும் இளைத்துக்கொண்டே போனார்.

சபையின் விகடகவி சாரங்கனுக்கு இதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "அரசே, தங்கள் வியாதி மருந்துப் பெட்டிக்குள் அடங்கும் வியாதியாகத் தெரியவில்லையே" என்று ஒருநாள் சொல்லிவிட்டான்.

வைத்தியர் இதற்காகத்தான் காத்திருந்தார். தம் தொப்பையைப் பற்றிச் சாரங்கன் சொன்ன வேடிக்கைக்குச் சபையே சிரித்ததை அவர் மறக்கவில்லை.

"அப்படியானால் சாரங்கனே குணப்படுத்தட்டும், அரசே! மருந்து தங்கள் வாய்க்குள் போகக் கூடாது. மேனியில் படக் கூடாது. மூக்கில் ஏறக் கூடாது. அமாவாசைக்குள் தாங்கள் நிம்மதியாக உறங்கினால் சரி. இல்லையேல் இவன் குடும்பத்தோடு எல்லை தாண்டிப் போகட்டும்!"

தூக்கம் இல்லாதவருக்கு இரக்கமும் குறைந்துவிடும் போலிருக்கிறது. "அவ்வாறே ஆகட்டும்" என்றார் அரசர்.

சாரங்கன் வீட்டை நோக்கிக் கிளம்பினான். வீட்டில் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. அவளை நடத்திக்கொண்டு எந்த ஊருக்குப் போவது? யோசித்தபடி தெருவில் நடந்தபோது பறைச் சத்தம் கேட்டது.

"ஏரியில தூர் வாரப் போறோம்! வீட்டுக்கு ஒரு ஆள் வரணும்! கூலிக்கு ஆள் அனுப்புற வேலையே கூடாது, வீட்டு ஆளே வரணும்! இது ராசா உத்தரவு!"

சாரங்கன் நின்றான். கேட்டான். வந்த வழியே அரண்மனைக்கு ஓடினான்.

"அரசே, தங்கள் ஆணையை மீறிய வீடு ஒன்று இருக்கிறது."

"யாருடைய வீடு? அந்த வீட்டுக்காரனைப் பிடித்து வா!"

"பிடிக்க வேண்டியதில்லை, எதிரிலேயே அமர்ந்திருக்கிறார். இந்த அரண்மனையில் அடுப்பு எரிகிறது, தாங்கள் குடியிருக்கிறீர்கள். ஆகவே இது வீடு. அரண்மனை நீங்கலாக என்று ஆணையில் ஒரு சொல்லும் இல்லையே!"

"மன்னர் மண் சுமப்பதா? அபசாரம்!" என்று வைத்தியர் கத்தினார்.

"அரசாணை செல்லாது என்கிறீரா, வைத்தியரே?" என்றான் சாரங்கன்.

"இளவரசன் போகட்டுமே" என்று அரசர் இழுத்தார்.

"அவர் இன்னும் தொட்டிலில் இருக்கிறார், அரசே."

தம் ஆணையில் தாமே மாட்டிக்கொண்ட அரசர், மறுநாள் காலை முணுமுணுத்துக்கொண்டே ஏரிக்குப் போனார்.

அந்த ஏரிக்கு ஒரு வழக்கம் உண்டு. உள்ளே இறங்குகிறவர்கள் தலைப்பாகையையும் செருப்பையும் பட்டத்தையும் கரையிலேயே விட்டுவிட வேண்டும். உள்ளே எல்லோருக்கும் வீட்டுப் பெயர்தான். புளியமரத்து வீட்டுக்காரர், மேட்டு வீட்டுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படித்தான் அரசர் பெரிய வீட்டுக்காரர் ஆனார்.

மேட்டு வீட்டுக்காரி பேச்சிதான் முதலில் வாய் திறந்தாள். "யோவ் பெரிய வீட்டுக்காரரே! கூடைய இப்படியா புடிப்பீரு? பாதிச் சேறு என் தலையிலதான ஊத்துது!"

சுற்றி இருந்தவர்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டார்கள். முடி சூடிய நாளிலிருந்து அரசரை யாரும் திட்டியதில்லை. அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கோவிச்சுக்காதம்மா. எப்படிப் புடிக்கணும்னு காட்டு" என்றார் மெதுவாக.

அவள் காட்டினாள். மதியம் தன் கலயத்தில் இருந்து அவருக்கும் கூழ் ஊற்றி, கடித்துக்கொள்ள வெங்காயமும் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து குடித்த குயவன் சடையன், தன் மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போன கதையைச் சொல்லி யோசனை கேட்டான். அரசர் சொன்னார்.

"அட போங்க, பெரிய வீட்டுக்காரரே! மாப்பிள்ளைங்களப் பத்தி உங்களுக்கு ஒண்ணுமே தெரியல" என்றான் சடையன். அரசர் விடவில்லை. கூடை மாற்றும்போதெல்லாம் இருவரும் பொழுது சாயும்வரை வாதாடினார்கள்.

அன்று விளக்கு வைத்ததும் அரசர் தூங்கிப்போனார். குறட்டைச் சத்தத்தைக் கேட்டு, ஏதோ மிருகம் புகுந்துவிட்டது என்று காவலர்கள் ஈட்டியோடு ஓடிவந்தார்களாம். அதன் பிறகு யாரும் கூப்பிடாமலே அரசர் தினமும் ஏரிக்குப் போனார்.

அமாவாசை அன்று சபை கூடியது. வைத்தியர் மருந்துப் பெட்டியோடு எழுந்தார்.

"அரசே, நிபந்தனை மீறப்பட்டது! கரையில் நின்று நானே பார்த்தேன். கூழ் தங்கள் வாய்க்குள் போயிற்று. சேறு மேனியில் பட்டது. ஈரமண் வாசனை மூக்கில் ஏறிற்று!"

அரசரின் முகம் வாடியது. "சாரங்கா, கொடுத்த வாக்கை நான் மாற்ற இயலாது. நீ என்ன சொல்கிறாய்?"

சாரங்கன் வைத்தியரை வணங்கினான். "ஒரே ஒரு சந்தேகம், ஐயா. கூழும் சேறும் மண்வாசனையும் மருந்துகளா?"

"சந்தேகமென்ன? மருந்துகளேதான்!"

"அப்படியானால் இவ்வளவு நல்ல மருந்து தெரிந்திருந்தும், மன்னர் வாடி மெலியும்வரை ஏன் கொடுக்காமல் மறைத்தீர்?"

வைத்தியர் அவசரமாக இரண்டு கைகளையும் ஆட்டினார். "இல்லை இல்லை! அவை மருந்தே அல்ல!"

"மருந்தே அல்ல என்றால் மன்னரின் வாயிலும் மேனியிலும் மூக்கிலும் மருந்து படவில்லை. நிபந்தனை அப்படியே இருக்கிறது, அரசே!"

வைத்தியர் தம் கஷாயத்தைத் தாமே குடித்தவர்போல முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பிறகு என்னைக் குணப்படுத்தியது எதுவப்பா?" என்று அரசர் கேட்டார்.

"அங்கே தங்களைத் திட்ட ஒருத்தி இருந்தாள், அரசே. தங்கள் பேச்சை மறுக்க ஒருவன் இருந்தான். தாங்கள் ஒருநாள் தாமதமாகப் போனபோது, பெரிய வீட்டுக்காரரை ஏன் இன்னும் காணோம் என்று ஏரியே கேட்டது. அவ்வளவுதான்."

அரசருக்குக் கண் கலங்கியது. உடனே வைத்தியரின் முகத்தைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே, சாரங்கனுக்குக் கொடுக்க விரலில் இருந்த வைர மோதிரத்தைக் கழற்றப் பார்த்தார். மண்வெட்டி பிடித்துப் பிடித்து விரல் வீங்கியிருந்தது. மோதிரம் அசையவில்லை.

"வைத்தியரே, பெட்டியில் எண்ணெய் இருக்கிறதா?"

வைத்தியர் எண்ணெயை எடுத்துத் தம் கையாலேயே அரசரின் விரலில் தடவினார். மோதிரம் வழுக்கிக்கொண்டு வந்து சாரங்கன் கையில் விழுந்தது. அந்த வருஷம் மருதவாணர் கொடுத்த மருந்துகளில் உடனே பலித்தது அது ஒன்றுதான்.